அன்றாட அப்பமும் ஆன்ம அப்பமும்



வேதாகமத்தின் முதல் ஏடுகளைத் திறந்தால் அங்கே ஒரு தோட்டமும், உண்பதற்கு இனிய கனிதரும் மரங்களும் இருக்கின்றன. கடைசி ஏடுகளைப் புரட்டினால் செம்மறியானவரின் திருமண விருந்து ஆயத்தமாயிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் மன்னாவும் காடையும், பாலும் தேனும், வாற்கோதுமை அப்பமும் சுட்ட மீனும், திராட்சை இரசமும் கொழுத்த கன்றும் நிறைந்துள்ளன. இறைவன் தம்மைப் பற்றி மனிதனுக்கு எடுத்துரைக்க விரும்பிய போதெல்லாம் உணவின் மொழியையே அடிக்கடி கையாண்டார்.

இந்த மொழி நமக்குப் புதிதன்று. மொனராகலையில் இறப்பர் மரத்தடியிலும், பதுளை, பசறை மலைகளில் தேயிலை மலையிலும் உழைக்கும் நம் குடும்பங்களுக்குச் சோற்றின் அருமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கேதான் ஒரு கேள்வியும் எழுகின்றது. அரைவயிற்றோடு படுக்கப்போகும் ஒருவனிடம், “இறைவனே உன் ஆத்துமத்தின் உணவு” என்று சொல்வது தகுமா? அது ஏழையின் பசியை ஏமாற்றும் பேச்சாகிவிடாதா? அக்கேள்விக்கு வேதாகமமே என்ன விடை தருகிறது என்பதை இவ்வாரம் குடும்பமாக அமர்ந்து படிப்போம்.

பசியை அறிந்த இறைவன்

எலியாஸ் இறைவாக்கினரின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம் (1 அரசர் 19). அரசியின் கோபத்துக்கு அஞ்சி ஓடிய அவர், பாலைவனத்தில் ஒரு செடியின் அடியில் விழுந்து, தமக்குச் சாவு வந்தால் போதும் என்று மன்றாடுகிறார். இறைவன் தூதரை அனுப்புகிறார். அத்தூதர் நீண்ட உபதேசம் செய்யவில்லை. விசுவாசக் குறைவைக் கண்டிக்கவுமில்லை. தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் காட்டி, எழுந்து உண்ணச் சொல்லுகிறார். எலியாஸ் உண்டு, மறுபடியும் உறங்கிவிடுகிறார். தூதர் இரண்டாம் முறையும் வந்து உணவே கொடுக்கிறார். அந்த உணவின் வலிமையால் நாற்பது நாள் நடந்து மலையை அடைந்த பிறகே, மெல்லிய காற்றின் ஓசையில் ஆண்டவருடைய குரல் அவருக்குக் கேட்கிறது. முதலில் அப்பம், பிறகு வார்த்தை.

நம் ஆண்டவர் இயேசுவும் இதே வழியில் நடந்தார். யாயீரின் மகளை உயிர்ப்பித்த மறுகணமே, அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி பெற்றோருக்குச் சொன்னார் (மாற்கு 5:43). உயிர்த்த பின்பு, இரவெல்லாம் வலைவீசிக் களைத்த சீடர்களுக்காகக் கடற்கரையில் தாமே கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தம் செய்தார் (அருளப்பர் 21:9). இராயப்பரிடம் அன்பைப் பற்றிக் கேட்டது சாப்பாடு முடிந்த பின்னரே. ஆகவே, வயிற்றுப் பசியை அற்பமாக எண்ணுவது கிறிஸ்தவ ஞானம் ஆகாது.

நம் மக்கள் இதை அனுபவத்தால் அறிந்தவர்கள். 1973ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறின. நாட்டில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. கிராமத்தவருக்கு ஒரு துண்டுக் காணியாவது இருந்தது. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கோ மரவள்ளி நடவும் சொந்த நிலமில்லை. கூப்பனும் தோட்டத்துச் சம்பளமும் மட்டுமே இருந்தன. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. குழந்தைகளை இடுப்பில் ஏந்திக்கொண்டு பட்டணத்துக் கடைவீதிகளில் கையேந்தியவர்களை அக்காலத்தவர் கண்டார்கள். பின்னர் 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பொருட்களின் விலை, முந்திய ஆண்டைவிட 90 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. ரொட்டிக்கு மா வாங்குவதா, பிள்ளைக்குப் பால்மா வாங்குவதா என்று தாய்மார் கணக்குப் பார்த்த காலம் அது.

இப்படிப்பட்ட மக்களிடம்தான் இறைவன் உணவின் மொழியில் பேசுகிறார். அவர் அவர்களுடைய பசியை மறக்கச் சொல்லவில்லை. அந்தப் பசியின் வழியாகவே இன்னொரு பசியை அறிந்துகொள்ளச் செய்கிறார்.

காலைப் பாலும் மன்னாவும்

மொனராகலைப் பகுதியில் இறப்பர்ப் பால் வெட்டும் ஒருவருக்கு யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரத்தை விளக்க வேறு போதகர் தேவையில்லை.

பால்வெட்டுகிறவர் விடியுமுன்னே எழுகிறார். காலைக் குளிர்ச்சியில்தான் மரம் பாலைத் தாராளமாகத் தரும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். சிரட்டையில் வடிந்த பாலை அன்றைக்கே சேர்த்துக் கொடுக்கவேண்டும். விட்டுவைத்தால் உறைந்து நாற்றமெடுக்கும். மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் அன்று வெட்டு இல்லை. நேற்றைய பாலைக் கொண்டு இன்றைக்குப் பேர் போட முடியாது.

பாலைவனத்தில் இஸ்ராயேலருக்கு மன்னா கிடைத்த விதமும் இதுவே. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் அவர்கள் அதைச் சேகரித்தார்கள். சூரியன் காய்ந்ததும் அது உருகிப்போயிற்று. மறுநாளுக்கென்று ஒளித்து வைத்தவர்களுடைய பாத்திரத்தில் புழு நெளிந்தது, நாற்றம் வீசிற்று. ஓய்வுநாளுக்கு முந்திய நாள் மட்டும் இரட்டைப் பங்கு கிடைத்தது, அது கெடவுமில்லை. அதிகமாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை. வயதானவரும் கைக்குழந்தைக்காரியும் இளைஞனுக்குச் சமமாக உண்டார்கள்.

இந்த உணவை இறைவன் ஏன் இப்படி அளந்து கொடுத்தார்? உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் மோயீசன் அதற்கு விடை கூறுகிறார். மனிதன் அப்பத்தினால் மட்டும் உயிர்வாழ்வதில்லை, ஆண்டவரின் வாயிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வார்த்தையாலும் வாழ்கிறான் என்பதை மக்கள் உணரவேண்டும் என்பதற்காகவே. “மட்டும்” என்னும் சொல்லைக் கவனியுங்கள். அப்பம் வேண்டாம் என்று மோயீசன் சொல்லவில்லை. அப்பத்தைக் கொடுக்கும் கரத்தை மறந்து அப்பத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், வயிறு நிறைந்தும் ஆத்துமம் வெறுமையாய் இருக்கும் என்கிறார். சாத்தானும் பாலைவனத்தில் பசித்திருந்த ஆண்டவரிடம் கல்லை அப்பமாக்கச் சொன்னபோது, அவர் இதே வாக்கியத்தைக் கொண்டுதான் அவனை வென்றார் (மத்தேயு 4:4).

மன்னா நமக்குக் கற்பிப்பது இதுதான்: இறையருளும் அன்றன்றைக்கு உரியது. போன தவசு காலத்தில் செய்த பாவசங்கீர்த்தனத்தின் ஆறுதலையும், கடந்த திருவிழாவில் கண்ணீரோடு செபித்த செபத்தையும் நம்பிக்கொண்டு இன்றைய நாளை ஓட்ட முடியாது. வெயிலேறுமுன், வேலையும் கவலையும் நம்மைச் சூழுமுன், ஆண்டவரை நாடிப் போவோர் நிறைவடைகிறார்கள்.

அப்பமல்லாததற்குக் கொடுக்கும் காசு

இசையாஸ் ஆகமம் 55ஆம் அதிகாரத்தில் இறைவன் சந்தையில் நின்று கூவும் வியாபாரியைப்போல் அழைக்கிறார். காசில்லாதவர்களும் வந்து வாங்கி உண்ணலாம் என்கிறார். பின்பு, அப்பமல்லாத ஒன்றுக்காக ஏன் பணத்தைச் செலவிடுகிறீர்கள், நிறைவு தராத ஒன்றுக்காக ஏன் உழைக்கிறீர்கள் என்று வேதனையோடு கேட்கிறார்.

அப்பமல்லாததை அப்பம் என்று காட்டி ஏமாற்றப்பட்ட வரலாறு நம்முடையது. செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டித் தங்களை இத்தீவுக்கு அழைத்து வந்ததாக நம் பாட்டன் பாட்டிமார் சொல்லிவந்தனர். தூரைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்தவை அட்டைக்கடியும், குளிர்காய்ச்சலும், பற்றுச்சீட்டுக் கடனுமே.

அந்தக் கங்காணி இன்று வேறு வேடத்தில் வருகிறான். சம்பள நாளன்று சாராயத் தவறணைக்கும் கசிப்புக் குடிசைக்கும் வழிகாட்டுகிறான். அடுத்த வீட்டாருக்கு நிகராகத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்க வாரக்கடன் எடுக்கத் தூண்டுகிறான். கைத்தொலைபேசியின் சின்னத்திரையில் நள்ளிரவு வரை கண்ணைக் கட்டிவைக்கிறான். குடித்தவனுக்குத் தாகம் தீரவில்லை. கடனெடுத்தவளுக்கு உறக்கம் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த பிள்ளைக்கு மனம் நிறையவில்லை. மூவருடைய பசியும் உண்மையான பசியே. களைத்த உடலுக்கு ஆறுதல் வேண்டும். தாழ்த்தப்பட்ட மனத்துக்கு மதிப்பு வேண்டும். தனித்த உள்ளத்துக்குத் துணை வேண்டும். தவறு பசியில் இல்லை. அதைத் தணிக்கத் தேர்ந்துகொண்ட உணவிலேயே உள்ளது. ஊதாரி மைந்தனும் பன்றிகளுக்கிட்ட தவிட்டுக்கு ஏங்கிய வேளையில்தான் தகப்பன் வீட்டுச் சோற்றை நினைத்தான் (லூக்காஸ் 15:17). அப்பசியே அவனை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது.

உயிருள்ள அப்பம்

அருளப்பர் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்துக்கு இப்போது வருவோம். ஐயாயிரம் ஆண்கள் பசித்திருக்கிறார்கள். ஒரு சிறுவனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் உள்ளன. வாற்கோதுமை அப்பம் அந்நாட்டில் ஏழைகளின் உணவு. நம் ஊர்ச் சேனையில் விளையும் குரக்கனில் சுட்ட ரொட்டியைப் போன்றது. ஆண்டவர் அந்த ஏழை உணவைத்தான் கையிலெடுத்து நன்றி கூறிப் பகிர்ந்தளித்தார். யாவரும் வேண்டிய மட்டும் உண்டார்கள். பன்னிரண்டு கூடைகள் மீதியாயின.

உண்டு நிறைந்த மக்கள் அவரைப் பிடித்து அரசராக்க முயன்றார்கள். அவரோ தனியே மலைக்கு விலகிச் சென்றார். மறுநாள் அவர்கள் தேடி வந்தபோது, அழிந்துபோகும் உணவுக்காக மட்டும் உழைக்காமல் நித்திய வாழ்வுவரை நிலைக்கும் உணவுக்காகவும் உழைக்கும்படி அவர்களை அழைத்து, அந்த உயிருள்ள அப்பம் தாமே என்று வெளிப்படுத்தினார். பலர் இப்பேச்சு கடினமானது என்று முணுமுணுத்து அவரை விட்டுப் போனார்கள். போனவர்களை நிறுத்துவதற்காக அவர் தம் வார்த்தையைத் திருத்திக்கொள்ளவில்லை. நீங்களும் போக விரும்புகிறீர்களா என்று பன்னிருவரைக் கேட்டார். தாங்கள் வேறு யாரிடம் போவது, வாழ்வு தரும் வார்த்தைகள் அவரிடமே உள்ளன என்று இராயப்பர் அறிக்கையிட்டார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதல் நாள் சோறு போட்டவரே இரண்டாம் நாள் தம்மையே உணவாகத் தருகிறார். முதல் நாளை விட்டுவிட்டு இரண்டாம் நாளைப் பற்றி மட்டும் பேசினால் நம் மறையுரை வறண்டுபோகும். இரண்டாம் நாளை விட்டுவிட்டு முதல் நாளோடு நின்றுவிட்டால், நாளைக்கு மீண்டும் பசிக்கும் வயிற்றைத் தவிர நமக்கு எதுவும் மிஞ்சாது.

நாம் நாள்தோறும் சொல்லும் பரலோக செபத்திலும் இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. “அன்றாட” என்று நாம் சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் மிக அரிதான ஒன்று. அதன் முழுப் பொருளை அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். புனித எரோணிமுஸ் வேதாகமத்தை இலத்தீன் மொழியில் தந்தபோது, லூக்காஸ் நற்செய்தியில் அதை அன்றாட அப்பம் என்றும், மத்தேயு நற்செய்தியில் அதே சொல்லை இயல்புக்கு மேற்பட்ட அப்பம் என்றும் மொழிபெயர்த்தார். ஒரே மன்றாட்டில் ரொட்டியும் அடங்குகிறது, தேவநற்கருணையும் அடங்குகிறது. அடுப்பங்கரையையும் பீடத்தையும் ஆண்டவர் பிரிக்கவில்லை.

வார்த்தையை மென்று உண்பது எப்படி?

ஆனால் ஒரு குறை நம்மிற் பலருக்கு உண்டு. ஊவாவின் தொலைதூரத் தோட்டங்கள் சிலவற்றுக்குக் குருவானவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்து திருப்பலி நிறைவேற்ற இயலுவதில்லை. பாதை தூரம், குருக்களும் சிலரே. அவ்வாரங்களில் நாம் பட்டினி கிடக்கவேண்டுமா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், திருச்சபை இறைவார்த்தையின் பந்தியிலிருந்தும் கிறிஸ்துவின் உடலாகிய பந்தியிலிருந்தும் உயிரின் அப்பத்தை எடுத்து விசுவாசிகளுக்கு வழங்குகிறது என்று கற்பித்தது. திருப்பலிக்கு ஈடு வேறொன்றுமில்லை என்பது உண்மையே. ஆயினும் வார்த்தையின் பந்தி ஒவ்வொரு லயத்து வீட்டிலும் நாள்தோறும் விரிக்கப்படலாம்.

1972இல் பதுளை மறைமாவட்டம் கண்டியிலிருந்து பிரிந்து உருவானபோது அதன் முதல் ஆயரான லியோ நாணயக்கார ஆண்டகை, புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றிய துறவி. அத்துறவிகளின் மடங்களில் பல நூற்றாண்டுகளாக ஒரு பழக்கம் உண்டு. மாடு மேய்ந்த புல்லை அமைதியாகப் படுத்து அசைபோடுவதுபோல், வேதாகமத்தில் ஒரு சிறு பகுதியை வாசித்து அதை நாளெல்லாம் மனத்தில் அசைபோடுவார்கள். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிகோ என்னும் கார்த்தூசியத் துறவி இதை நான்கு படிகளாக விளக்கினார். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது. தியானம் அதை மெல்லுகிறது. செபம் அதன் சுவையைப் பெறுகிறது. இறைவனில் இளைப்பாறுவது, இதயத்தை மகிழ்விக்கும் அந்த இனிமையே.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இன்றிரவு செபமாலை முடிந்ததும், பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒருவர் 23ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசிக்கட்டும். ஆண்டவர் பந்தி ஆயத்தம் செய்யும் இடத்தில் நிறுத்துங்கள். எதிரிகள் பார்த்துக்கொண்டிருக்க அப்பந்தி விரிக்கப்படுகிறது என்கிறது சங்கீதம். நம்மை வெட்கப்படுத்தியவர்கள் யார் யார்? அவர்கள் முன்னே இறைவன் நம்மை விருந்தாளியாக அமர்த்துகிறார் என்றால் அதன் பொருள் என்ன? சற்று மௌனமாயிருங்கள். ஒவ்வொருவரும் ஒரு வாக்கியத்தில் செபியுங்கள். மறுநாள் பெரட்டுக்குப் போகையிலும், மலை ஏறுகையிலும் அந்த ஒரு சொல்லை வாயில் வைத்திருங்கள்.

வார்த்தை எப்போதும் இனிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எசேக்கியேல் ஏட்டுச் சுருளை உண்டபோது அது அவர் வாயில் தேன்போல் இனித்தது (எசேக்கியேல் 3:3). பிபிலைக் காட்டுத் தேனைச் சுவைத்தவர்களுக்கு அந்த இனிமை விளங்கும். காட்சியாகமத்தில் அருளப்பர் உண்ட சுருளோ வாயில் இனித்து வயிற்றில் கசந்தது (10:10). மன்னிக்கச் சொல்லும் வார்த்தை, குடியை விடச் சொல்லும் வார்த்தை, பகிரச் சொல்லும் வார்த்தை ஆகியவை உள்ளே போனபின் கசக்கும். மருந்தும் உணவாகும் வீடு அது.

நிறைந்ததற்கு அடையாளம்

நாம் உண்மையாகவே இறைவனில் நிறைவு கண்டோமா என்பதை எப்படி அறிவது? சமாரியாவின் கிணற்றடியில் களைத்து அமர்ந்த ஆண்டவர், தம்மை அனுப்பியவரின் திருவுளத்தை நிறைவேற்றுவதே தமக்கு உணவு என்றார் (அருளப்பர் 4:34). அந்த நிறைவு செயலில் தெரியும்.

மன்னாவைப் பற்றிய அதே வசனத்தைப் புனித சின்னப்பர் கொரிந்து நகர விசுவாசிகளுக்கு நினைவூட்டுகிறார் (2 கொரிந்தியர் 8:15). எதற்காக? எருசலேமில் வறுமையில் வாடிய சகோதரருக்குக் காணிக்கை சேர்ப்பதற்காக. பாலைவனத்தில் இறைவன் நேராகச் சமப்படுத்தியதை இப்போது விசுவாசிகளின் கைகள் சமப்படுத்தவேண்டும் என்பது அவருடைய போதனை. தேவநற்கருணை வாங்கிய நாவு, அடுத்த லயத்துப் பிள்ளை பட்டினி கிடப்பதைக் கண்டு பேசாதிருக்கக்கூடாது. அப்பிள்ளை சைவக் குடும்பத்தைச் சேர்ந்ததா, சிங்களக் குடும்பத்தைச் சேர்ந்ததா என்று பன்னிரண்டு கூடைகளைச் சேர்த்த சீடர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். நியாயமான கூலியும் சொந்தக் காணியும் கேட்பதுகூட, அன்றாட அப்பத்துக்கான நம் செபத்தோடு சேர்ந்ததே.

ஆகவே, முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். பசித்தவனிடம் இறைவனே உணவு என்று சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லுகிறவன் கையில் பாதி ரொட்டியாவது இருக்கவேண்டும். அந்தப் பாதி ரொட்டியைக் கொடுத்த பிறகு அவ்வார்த்தையைச் சொல்லாமல் மறைப்பதும் அன்பாகாது. ஏனெனில் அவனுக்கும் நமக்கும் உள்ள பெரிய பசி அவர் ஒருவரால்தான் தீரும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. சென்ற சம்பள நாளிலிருந்து இன்றுவரை, அப்பமல்லாத எதற்காக நம் வீட்டில் பணம் செலவாயிற்று? அதன் பின்னால் இருந்த உண்மையான பசி எது?

2. வெயிலேறுமுன் ஆண்டவருக்கென்று நாம் ஒதுக்கக்கூடிய ஐந்து நிமிடம் எது? அதை யார் நினைவூட்டுவது?

3. நம் லயத்தில் இன்று அடுப்பெரியாத வீடு உண்டா? நம் அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி அங்கே போகுமா?

4. அடுத்த திருப்பலிக்கு முன் ஒவ்வொருவரும் மென்று உண்ணத்தக்க ஒரு வசனத்தைத் தேர்ந்துகொள்வோமா?

செபம்: பசித்தோரை நன்மைகளால் நிரப்புகிற ஆண்டவரே, எங்கள் அடுப்பையும் எங்கள் உள்ளத்தையும் நீரே அறிவீர். இன்றைய ரொட்டியைத் தாரும். அதைப் பகிரும் மனத்தையும் தாரும். எல்லாம் இருந்தும் ஏங்குகின்ற எங்கள் ஆத்துமத்துக்கு உம்மையே உணவாகத் தாரும். ஆமென்.